ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளைகளுக்குப் பேசும் ஸ்பீக்கர்: வாங்கலாமா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் சில மாதங்களாக ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது. பாட்டுக் கேட்க, அலாரம் வைக்க என்று வாங்குகிறவர்கள் உண்டு. நாங்கள் வாங்கியது பிள்ளைகளின் கேள்விகளுக்காக. மகள் ஒன்றாம் வகுப்பு, மகனுக்கு நாலு வயது. கண் விழித்ததில் இருந்து தூங்கப்போகும் வரை "ஏன்", "எப்படி", "அது மட்டும் ஏன் அப்படி" என்று கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைகள். குழந்தை என்ன கேட்டாலும் பதில் சொல்லும் என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் வாங்கினோம். எந்த நிறுவனத்தின் பொருள் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நண்பர்கள் வீட்டில் இருக்கும் வேறு நிறுவனங்களின் ஸ்பீக்கர்களிலும் இதே கேள்விகளைப் போட்டுப் பார்த்தேன், குறையும் நிறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் இதை ஒரு பொருளைப் பற்றிய விமர்சனமாக எடுத்துக்கொள்ளாமல், இந்த வகைப் பொருளைப் பற்றியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரமாக முடிவு மட்டும் வேண்டுமென்றால்: எத்தனை, எவ்வளவு, எங்கே, எப்போது என்ற கேள்விகளுக்கு அருமையான பொருள். ஏன் என்ற கேள்விக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாகக் குழந்தையிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் வாங்க வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டால் மூன்று என்று சொல்லி, அதன் ரத்தம் நீலமாக இருக்கும், காரணம் நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதற்குச் செம்பு செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சூரியன் எவ்வளவு தூரம் என்றால் சுமார் 15 கோடி கிலோமீட்டர், அங்கிருந்து வெளிச்சம் வந்து சேர 8 நிமிடம் 20 நொடி ஆகும் என்கிறது. இதைக் கேட்ட மகள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, "அப்போ இப்ப என் கைமேல விழுற வெயில் எப்பக் கிளம்பினது?" என்று கேட்டாள். ஒரு தகவல் குழந்தையின் கைமேல் வந்து விழுந்த நேரம் அது, அதற்கு இந்தப் பெட்டிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நான் சொல்லியிருந்தால் 15 கோடி என்று சட்டென்று எண் நினைவுக்கு வந்திருக்குமா, தெரியாது. அப்புறம், அதற்குச் சலிப்பே கிடையாது. டைனோசர்கள் அழிந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று மகன் நாளெல்லாம் கேட்டாலும் அதே நிதானத்தோடு 6 கோடியே 60 லட்சம் வருஷம் என்கிறது. திரை இல்லை என்பது இன்னொரு பெரிய நிம்மதி. போனில் தேடினால் பதிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடியோ வந்து நிற்கும், கேட்ட கேள்வி அங்கேயே தொலைந்துபோகும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

சின்னக் குழந்தைகளின் பேச்சு இதற்குச் சரியாகப் பிடிபடவில்லை என்பதை வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் தொண்டை சிறியது, குரல் உயர்ந்த சுருதியில் இருக்கும், உச்சரிப்பும் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பெரியவர்களின் குரலைக் கேட்டுப் பழக்கப்பட்ட மென்பொருளுக்கு அது கஷ்டம். மகன் எறும்பைப் பற்றிக் கேட்டால் அது ஏதோ பாட்டைப் போட்டுவிடுகிறது, அவன் கோபத்தில் கத்தினால் இன்னும் மோசமாகப் புரிந்துகொள்கிறது, கடைசியில் அக்கா வந்து அவன் கேள்வியைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி என்னுடைய பெரிய குறைக்கு வருகிறேன்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்த மகள் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு, தண்ணியில இருந்தா விரல் ஏன் சுருங்குது என்று பெட்டியிடம் கேட்டாள். தோலின் மேல் அடுக்கு தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடுகிறது, அதனால் சுருக்கம் விழுகிறது என்று பதில் வந்தது. பழைய புத்தகங்களில் இருக்கும் பதில் அது, நானும் பள்ளியில் படித்ததுதான். அவள் கொஞ்ச நேரம் விரலைப் பார்த்தாள், பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்போ வயிறு ஏன் சுருங்கலை? அதுவும் தண்ணியிலதானே இருந்துச்சு?" என்று திரும்பவும் பெட்டியிடமே கேட்டாள். வயிற்றுத் தோல் தளர்ந்தால் என்ன செய்யலாம் என்று அது ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது. முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் இடையில் இருந்த "அப்போ" அதன் காதில் விழவே இல்லை.

அந்த "அப்போ"தான் எனக்கு எல்லாமே. முதல் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வந்த பதிலைத் தன் உடம்போடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லையே என்று இரண்டாவது கேள்வி கேட்கும்போதுதான் பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கிறது. அவள் கேட்டது சரியான கேள்வியும்கூட. வெறுமனே தண்ணீரை உறிஞ்சித்தான் சுருங்குகிறது என்றால் உடம்பு முழுக்கச் சுருங்க வேண்டும், ஆனால் விரல்களும் உள்ளங்கை, உள்ளங்கால்களும்தான் அப்படி ஆகின்றன. கைக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களுக்கு அந்த விரல்கள் தண்ணீரில் எவ்வளவு ஊறினாலும் சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். அதாவது இது நரம்பு செய்யும் வேலை: விரல் நனைந்தது தெரிந்ததும் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்களை நரம்பு மண்டலம் சுருக்குகிறது, உள்ளே அளவு குறைந்ததும் மேல்தோல் மடிந்து வரிகள் விழுகின்றன. எதற்காக இந்த ஏற்பாடு என்று கேட்டால், ஈரமான பொருளை வழுக்காமல் பிடிப்பதற்காக இருக்கலாம். சுருங்கிய விரல்களோடு ஈரமான கோலிகளை எடுத்து மாற்றியவர்கள் சுருங்காத விரல்காரர்களைவிட வேகமாகச் செய்தார்கள் என்று 2013இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது, அதன்பிறகு வந்த வேறொரு ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை, விவாதம் இன்னும் முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. "சரியாக் கேட்டே, வயிறு சுருங்கலைன்னா அந்தப் பதில்ல ஏதோ குறையுது" என்று சொன்னாலே போதும், மிச்சத்தை இருவரும் சேர்ந்து தேடலாம். நாங்கள் அப்படித்தான் தேடினோம்.

பிள்ளைகள் வெறும் கவனத்தை ஈர்க்கத்தான் ஏன் ஏன் என்கிறார்கள் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. 2009இல் அமெரிக்காவில் பாலர் வயதுக் குழந்தைகளின் உரையாடல்களை ஆராய்ந்தவர்கள் பார்த்தது இதுதான்: காரணம் சொல்லும் பதில் கிடைத்தால் குழந்தை ஒப்புக்கொள்கிறது, அல்லது அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போகிறது, காரணமே இல்லாத மழுப்பல் பதில் கிடைத்தால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறது, இல்லாவிட்டால் தானே ஒரு விளக்கத்தைச் சொல்லிக்கொள்கிறது. மூன்று நாலு வயதிலேயே எது பதில், எது மழுப்பல் என்று அதற்குத் தெரிகிறது. அதனால் இந்த மாதிரிப் பொருள்களை நான் அளப்பது ஒரே ஒரு அளவுகோலால்தான்: பதில் வந்தபிறகு குழந்தை இன்னொரு கேள்வி கேட்டதா, அந்தக் கேள்வியை இந்தப் பொருள் தாங்கியதா.

நிலாக் கேள்வியில் வேறு மாதிரிக் கோளாறு. "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்று மகன் கேட்க, அக்கா எடுத்துச் சொல்ல, பூமியின் ஈர்ப்பு விசையால் நிலா பூமியைச் சுற்றி வருகிறது, ஒரு சுற்றுக்கு 27 நாளுக்குக் கொஞ்சம் அதிகமாக ஆகும் என்று அழகாகப் பதில் வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆனால் பிள்ளை கேட்டது அது இல்லையே. பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது மரமெல்லாம் பின்னால் ஓடுகிறது, நிலா மட்டும் கூடவே வருகிறது, அது என்னைத்தான் பின்தொடர்கிறதா என்பதுதான் அவன் மனதில் இருந்தது. இதற்குப் பதில் ஜன்னலிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கம்பம் விருட்டென்று ஓடுகிறது, தூரத்து வீடு மெதுவாக நகர்கிறது, அதற்கும் அப்பால் இருக்கும் குன்று நகர்வதே தெரியவில்லை. நிலா சுமார் 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நாம் போகும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அதனால் பார்க்கும் திசை மாறுவதே இல்லை. அடுத்த பயணத்தில் எது வேகமாக ஓடுகிறது, எது மெதுவாக ஓடுகிறது என்று அவனே சொல்லிக்கொண்டு வந்தான். கேட்கிற பிள்ளை எங்கே நின்றுகொண்டு கேட்கிறது என்பது இந்தப் பெட்டிக்குத் தெரியாது, கூடவே இருக்கும் நமக்குத் தெரியும்.

வானம் ஏன் நீலம் என்பது இந்தப் பொருள்களுக்கெல்லாம் மனப்பாடக் கேள்வி, பதில் நன்றாகவே வருகிறது: சூரிய ஒளியில் எல்லா நிறமும் உண்டு, காற்றில் உள்ள மூலக்கூறுகள் நீல ஒளியை மற்றதைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. 1871இலேயே ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு இதற்குக் கணக்கும் போட்டுவிட்டார். நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டியது அடுத்த கேள்வியை: ஊதா இன்னும் அதிகமாகச் சிதறுமே, வானம் ஏன் ஊதாவாக இல்லை? எங்கள் பெட்டி இதற்கு முதல் பதிலையே மறுபடி படித்தது. நண்பர் வீட்டில் இருந்த, உரையாடல் ஏஐ சேர்த்த புதிய ஸ்பீக்கர் சரியாகச் சொன்னது: சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் ஊதா அவ்வளவாக எடுபடாது. அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். கேள்வியின் தொடர்ச்சியைப் பிடித்துக்கொள்வதில் புதியவை நிஜமாகவே ஒரு படி மேலே. ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள், பக்கவாட்டில் லேசான நீலமும், டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் மஞ்சளும் தெரியும், பகல் வானமும் சாயங்கால வானமும் ஒரே டம்ளரில். இதைச் செய்து பார்க்கச் சொல்லி எந்த ஸ்பீக்கரும் தானாகச் சொல்லவில்லை.

ஆனால் அதே புதிய ஸ்பீக்கர், கடல் ஏன் நீலம் என்றதும், வானத்தின் நிறத்தைப் பிரதிபலிப்பதால்தான் என்று கொஞ்சமும் தயங்காமல் சொன்னது. 100 வருஷத்துக்கு முந்தைய பதில் இது. ராலே அப்படித்தான் நினைத்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமனுக்கு அது சரியாகப் படவில்லை. கையில் இருந்த நிக்கோல் பட்டகம் என்ற படிகத்தை வைத்து நீரின் மேற்பரப்பில் பிரதிபலித்து வரும் ஒளியை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு போனபிறகும் நீலம் போகவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது. தண்ணீர் சிவப்புப் பக்கத்து ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, மிஞ்சிய நீலம் நீருக்குள்ளேயே சிதறி நம் கண்ணுக்கு வருகிறது. அந்தக் கேள்வியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் 1928இன் ராமன் விளைவு, 1930இல் நோபல் பரிசு. கடல் ஏன் நீலம் என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல இவ்வளவு நல்ல கதை இருக்கும்போது "வானத்தின் பிரதிபலிப்பு" என்று ஒரு வரியில் கதவைச் சாத்திவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. தவறான பதிலும் சரியான பதிலும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வருகின்றன, குழந்தையால் எப்படிப் பிரித்தறிய முடியும்?

"இது இன்னும் முழுசாத் தெரியாது" என்று சொல்லத் தெரியாததும் இதோடு சேர்ந்ததுதான். 1963இல் இன்றைய தான்சானியாவில் எரஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவன், சூடான ஐஸ்க்ரீம் கலவை ஆறவைத்ததைவிடச் சீக்கிரம் உறைவதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டான், வகுப்பில் சிரித்தார்கள். பள்ளிக்கு வந்த இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்ன் சிரிக்கவில்லை, போய்ச் செய்து பார்த்தார், 1969இல் இருவரும் சேர்ந்து கட்டுரையே வெளியிட்டார்கள். அது எப்போது நடக்கும், நடக்குமா என்பதிலேயே இன்றைக்கும் விஞ்ஞானிகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. எங்கள் பெட்டியிடம் கேட்டால் ஆவியாதல்தான் காரணம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறது. பெரியவர்களுக்கும் தெரியாத விஷயங்கள் உலகத்தில் இருக்கின்றன, ஒரு பள்ளிப் பிள்ளையின் கேள்வி அங்கே போய் நிற்க முடியும் என்பது குழந்தைக்கு எவ்வளவு பெரிய உற்சாகம்!

புதிய ஸ்பீக்கரில் இன்னொன்று, எதைக் கேட்டாலும் "அருமையான கேள்வி!" என்று ஆரம்பிக்கிறது. மணி என்ன என்றாலும் அருமை, மழை ஏன் பெய்கிறது என்றாலும் அருமை. நிஜமாகவே அருமையான கேள்வி ஒன்றைக் குழந்தை கேட்கும் நாளில் அதைச் சொல்ல வார்த்தை மிச்சம் இருக்காது. இதை அணைக்க வழி இருந்தால் நிறுவனங்கள் கொடுக்கட்டும்.

அறிவியல் இல்லாத கேள்விகளும் உண்டு. செத்துப்போனா என்ன ஆகும், அந்தப் பையன் வீட்டுல ஏன் அப்பா இல்லை, நீயும் ஒருநாள் செத்துப்போவியா. இவற்றைப் பெட்டியிடம் கேட்க விடாதீர்கள். பதில் தப்பாக வரும் என்பதற்காகச் சொல்லவில்லை, கேட்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் மடி வேண்டும்.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை: அதைக் கூப்பிடும் பெயர் எப்போது காதில் விழும் என்று இது எப்போதும் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், பேசியது பதிவாகி நிறுவனத்தின் சர்வருக்குப் போகலாம். குழந்தைகளுக்கென்று இருக்கும் தனி அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள், பதிவுகளை அழிக்கும் வசதி செயலியில் இருக்கும், தேடிப் பிடித்துத் தானாக அழியும்படி வையுங்கள், வேலை இல்லாதபோது மைக்கை அணைத்துவிடுங்கள், படுக்கையறையில் வைக்கவே வேண்டாம்.

கேள்வி பதில் புத்தகம் வாங்கலாமே என்று கேட்பீர்கள். எங்களிடம் அதுவும் இருக்கிறது. படம் இருக்கிறது, திரும்பத் திரும்பப் புரட்டலாம், அதெல்லாம் ஸ்பீக்கரில் கிடைக்காத சுகம். ஆனால் அச்சில் வந்துவிட்ட தவறு அச்சிலேயே இருக்கும். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று போட்ட நாக்குப் படம் இன்னும் சில புத்தகங்களில் வந்துகொண்டிருக்கிறது, 1901இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிற்பாடு தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. நாக்கின் எல்லாப் பக்கமும் எல்லாச் சுவையும் தெரியும், கொஞ்சம் சர்க்கரையை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாலே விளங்கிவிடும். புத்தகமோ ஸ்பீக்கரோ, வாங்குவதற்கு முன்னால் நாக்கு, கடல், விரல் சுருக்கம் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள், தரம் தெரிந்துவிடும்.

இப்போது நாங்கள் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்றால், பெட்டியிடம் போவதற்கு முன்னால் "நீ என்ன நினைக்கிறே?" என்று ஒரு முறை கேட்டுவிடுவோம். வெயில் காலத்தில் சூடு அதிகம், ஏனென்றால் சூரியன் கிட்ட வந்துவிடுகிறது என்றாள் மகள். சரி, தூரத்தைக் கேட்டுப் பார் என்றேன். ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி என்று எண்கள் வந்தன. பூமியின் வடபாதிக்கு ஜனவரி குளிர்காலம், அப்போதுதான் சூரியன் கிட்ட! அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்குப் பந்தும் டார்ச்சுமாக உட்கார்ந்து பூமியின் 23.5 டிகிரிச் சாய்வைப் பற்றிப் பேசி முடிக்கவே இரவாகிவிட்டது. எண்ணைப் பெட்டி கொடுத்தது, குழப்பத்தை அந்த எண் கொடுத்தது, இந்த வேலைப் பிரிவினைதான் எங்களுக்குச் சரிப்பட்டு வருகிறது.

5க்கு 3 கொடுக்கிறேன். உரையாடலைத் தொடரத் தெரிந்த புதிய வகை என்றால் மூன்றரை. ஏழெட்டு வயதுக்கு மேல், வந்த பதிலை எதிர்த்துக் கேட்கத் தெரிந்த பிள்ளை இருக்கும் வீட்டில் தாராளமாக வாங்கலாம். அதற்குக் கீழே, மகனுடைய வயதில் என்றால், பேச்சும் புரிவதில்லை, சொல்வதைச் சரிபார்க்கவும் அந்த வயதில் முடியாது, ஒரு நல்ல பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வாங்கிக் கொடுங்கள்.